கொசு கடிப்பது அப்பாவுக்குத் தெரியும்

கேள்வி

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 57 வயது, செம்பனைக் குலை வெட்டுகிறவர். போன தீபாவளிக்கு முன்னால் வலது கையில் பிடிமானம் குறைந்தது. நீளக் கம்பத்தில் மாட்டிய அரிவாள் கையில் நிற்காமல் நழுவியது. அப்புறம் நடக்கும்போது இடது காலில் சிலிப்பர் கழன்று கழன்று விழுந்தது. இப்போது பேச்சும் குழறுகிறது. சம்சு சாராயம் குடிக்கிறார் என்று லயத்து வீடுகளில் பேசினார்கள். அப்பா குடிப்பதே இல்லை. டவுன் கிளினிக்கில் ஸ்ட்ரோக்காக இருக்கலாம் என்றார்கள். ஈப்போவில் கழுத்தை ஸ்கேன் எடுத்து, கை, கால், நாக்கில் ஊசி குத்திப் பார்த்து, மோட்டார் நியூரோன் நோய் என்று முடிவு சொன்னார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. மோட்டாரிலிருந்து விழுந்ததால் வந்ததா என்று அம்மா கேட்டார். இப்போது யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்கிறார். உருவி விட்டு நன்றாக எக்சர்சைஸ் செய்தால் சதை திரும்ப வரும், இந்தியாவில் இதே நோயோடு ஒருவர் முப்பது வருடமாக இருக்கிறார் என்கிறார் மாமா. அப்பா சில வருடம் மருந்து அடிக்கும் வேலை செய்தார், அதனால் வந்ததா? எனக்கும் தம்பிக்கும் வருமா? டிவியில் சிரிப்புக் காட்சி வந்தால்கூட அழுகிறார், மூளையும் கெட்டுவிட்டதா? நோயின் பெயரை அவரிடம் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துவிடுவார் என்று வீட்டில் பயம். சொல்லலாமா?

ஒரு மகள், சுங்கை சிப்புட்

பதில்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் சொல்ல வேண்டும், அதுவும் சீக்கிரம். ஏன் என்று உங்களுக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் விளங்க வேண்டுமானால், அவர் உடம்பில் எது அழிகிறது, எது அழியவில்லை என்று தெரிய வேண்டும். அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

அம்மா கேட்டதில் தப்பில்லை. நம் மலேசியாவில் மோட்டார் என்றால் இரண்டு சக்கர வண்டிதான். மருத்துவத்தில் அந்தச் சொல்லுக்கு அசைவைத் தருவது என்று பொருள். நியூரோன் என்றால் நரம்பணு. கையைத் தூக்கு, காலை எடுத்து வை, விழுங்கு, மூச்சை இழு என்று தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோவதுதான் இந்த நோய். அப்பா என்றோ வண்டியிலிருந்து விழுந்ததோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

நானும் தோட்டத்தில் வளர்ந்தவன். என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அதனால் பெரட்டுக் கணக்கிலேயே சொல்கிறேன். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு நடக்கும். இன்றைக்கு எந்தக் காட்டில் வேலை என்று ஆபீஸ் முடிவு செய்யும். அந்தக் கட்டளையை வாங்கிக்கொண்டு மண்டோர், அதாவது கங்காணி, தன் ஆட்களைக் கூட்டிப் போவார். மண்டோர் சொல்லாமல் ஆட்கள் நிரைக்குள் இறங்குவதில்லை.

உடம்பிலும் அப்படித்தான் இரண்டு அடுக்கு. தலையில் ரிப்பன் வைத்தால் காதிலிருந்து காது வரைக்கும் எங்கே படுமோ, ஏறக்குறைய அந்த இடத்துக்குக் கீழே மூளையில் ஒரு பட்டை இருக்கிறது. அங்கே இருக்கும் நரம்பணுக்கள்தான் ஆபீஸ். அங்கிருந்து புறப்படும் நரம்பிழை மூளையின் அடிப்பகுதிக்கோ முதுகுத்தண்டுக்கோ இறங்கி வரும். அங்கே இரண்டாவது அடுக்கு நரம்பணுக்கள் காத்திருக்கும். அவைதான் மண்டோர்கள். மண்டோரின் இழை முதுகுத்தண்டை விட்டு வெளியே வந்து நேராகத் தசைக்குப் போகும். இடுப்புக்கு மேலே புறப்பட்டுப் பாதத்துக்குப் போகிற இழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் இருக்கும். ஒரே ஒரு அணுவின் வால் அது. நுனியில் பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் ஒரு தசை இழையைத் தொட்டு, அசிட்டைல்கொலின் என்ற ரசாயனத்தைத் துளி துளியாக விடும். அது பட்டால்தான் தசை இழை சுருங்கும். கெண்டைக்கால் போன்ற பெரிய தசையில் ஒரு மண்டோருக்குக் கீழே ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் உண்டு. கண்ணைத் திருப்பும் தசையில் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

அப்பாவுக்கு இந்த இரண்டு அடுக்கும் பழுதாகிக்கொண்டிருக்கின்றன.

மண்டோர் இறந்தால் அவருடைய ஆட்கள் வேலையில்லாமல் நிற்பார்கள். தசை இழையும் கட்டளை வராமல் நின்று, மெலிந்து, சுருங்கிப்போகும். அப்பாவின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் சதையைத் தொட்டுப் பாருங்கள். அங்கே பள்ளம் விழுந்திருக்கலாம். அரிவாள் நழுவியதற்கு அதுதான் காரணம். சிலிப்பர் கழன்றது ஏனென்றால், பாதத்தை மேலே தூக்கும் தசைக்குக் கட்டளை போய்ச் சேரவில்லை. பேச்சு குழறுவது நாக்கின் மண்டோர்கள் குறைவதாலும், ஆபீஸிலிருந்து அவர்களுக்கு வரும் கட்டளை தடைப்படுவதாலும். சம்சு என்று பேசியவர்களிடம் இதைச் சொல்லுங்கள். தைரியமாகச் சொல்லுங்கள்.

1869இல் பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் இந்த நோயை முதலில் தெளிவாக விவரித்தார். நோயாளிகள் உயிரோடு இருந்தபோது அவர்களின் பலவீனத்தைக் கவனித்துக் குறித்து வைத்து, இறந்த பிறகு முதுகுத்தண்டை அறுத்துப் பார்த்தார். தேய்ந்து போனது தசைதான், ஆனால் கோளாறு தசையில் இல்லை, முதுகுத்தண்டில் இருந்த நரம்பணுக்கள் காணாமல் போயிருந்தன. மாமாவுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதுதான். எண்ணெய் தேய்த்து லேசாக உருவி விட்டால் அப்பாவுக்கு இதமாக இருக்கும், விறைப்பு கொஞ்சம் தளரும். அது வரைக்கும் நல்லது. மண்டோர் இல்லாத ஆட்களை எவ்வளவு தட்டி எழுப்பினாலும் வேலை நடக்காது. களைத்துப்போகும் அளவுக்கு உடற்பயிற்சி செய்ய வைத்தால் மிச்சமிருக்கும் பலமும் அன்றைக்கு வீணாகும். கழுத்தைத் திருகுவதும் தொங்கும் தோளைப் பிடித்து இழுப்பதும் கூடவே கூடாது. ஒவ்வொரு மூட்டையும் தினமும் மெதுவாக முழு அளவுக்கு அசைத்து விடுங்கள். பிசியோதெரபி பிரிவில் கற்றுத் தருவார்கள்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். அரிவாள் நழுவிய நாளில் நோய் தொடங்கவில்லை. ஒரு மண்டோர் போனதும் பக்கத்து மண்டோர் சும்மா இருப்பதில்லை. அவருடைய இழையிலிருந்து புதுக் கிளை முளைத்து, அனாதையான தசை இழைகளைத் தன் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும். இப்படி மாதக்கணக்கில் உடம்பு ஈடுகட்டியிருக்கிறது, வெளியில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்து மண்டோர்களும் விழத் தொடங்கிய பிறகுதான் கம்பம் கனத்தது. அதனால் முன்பே கூட்டிப் போயிருந்தால் என்று உங்களை நீங்களே குத்திக்கொள்ள வேண்டாம். ஊசி குத்திப் பார்த்தார்களே, அந்தப் பரிசோதனை இதைத்தான் காட்டும். எங்கே கட்டளை அறுந்திருக்கிறது, எங்கே ஒரு நரம்பு அளவுக்கு மீறிய ஆட்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று திரையில் அலையாகத் தெரியும்.

நோயுற்ற மண்டோர் சாவதற்கு முன்னால் அர்த்தமில்லாமல் கட்டளைகளைக் கத்துவதுண்டு. தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் தசை துடிப்பது அதனால்தான். இதைப் படித்துவிட்டு, உங்கள் கண் இமை துடிக்கிறது என்று நீங்கள் பயப்படாதீர்கள். பலவீனமோ தேய்மானமோ இல்லாமல் வெறுமனே துடிப்பது எல்லோருக்கும் வரும், தூக்கம் கெட்டாலே வரும்.

ஆபீஸ் பழுதானால் நடப்பது வேறு. ஆபீஸ் கட்டளை மட்டும் போடுவதில்லை, மண்டோரை அடக்கியும் வைக்கிறது. அந்த அடக்கம் போனதும் கால் விறைக்கும், கட்டை மாதிரி இறுகும், முட்டியில் சுத்தியலால் தட்டினால் அளவுக்கு மீறித் துள்ளும். தேய்ந்து மெலிந்த காலிலேயே முட்டி துள்ளினால், இரண்டு அடுக்கும் பழுது என்று மருத்துவருக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்துவிடும். கழுத்து ஸ்கேன் எடுத்தது வீண் வேலை இல்லை. கழுத்து எலும்பு தேய்ந்து தண்டை அழுத்தினாலும் கை தேயும், கால் விறைக்கும். வருடக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக் குலை வெட்டியவருக்கு அதைத்தான் முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் நாக்குக்குப் போகும் நரம்பு கழுத்துத் தண்டுக்கு மேலே, மூளையின் அடியிலிருந்து வருகிறது. நாக்கும் பாதிக்கப்பட்டால் கழுத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இந்த நோயை ஒரே ரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாது. இதைப் போலவே தோன்றும், சிகிச்சை உள்ள வேறு நோய்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வருவார்கள். மனம் சமாதானமாகவில்லை என்றால் இன்னொரு நரம்பியல் நிபுணரிடம் ஒருமுறை காட்டுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் ஐந்தாறு பேரிடம் அலைந்து அப்பாவின் தெம்பைக் கரைக்க வேண்டாம்.

இப்போது எது அழியவில்லை என்று பார்ப்போம். இதை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள்.

தொடுவதை உணரும் நரம்பணுக்கள் வேறு. அவை முதுகுத்தண்டுக்கு வெளியே தனியாக இருக்கின்றன. இந்த நோய் பெரும்பாலும் அவற்றைத் தொடுவதில்லை. சூடு, குளிர், வலி, அரிப்பு எல்லாம் அப்பாவுக்கு முன்பு போலவே தெரியும். கொசு காலில் உட்கார்ந்து கடிப்பது தெரியும், விரட்டத்தான் முடியாது. படுக்கையில் ஒரே பக்கம் கிடந்தால் தோள் வலிப்பது தெரியும், புரளத்தான் முடியாது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய காலம் வரும். அப்போது அவர் அலுத்துக்கொண்டால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். கொசுவலை கட்டுங்கள். கையெட்டும் இடத்தில் ஒரு மணி வையுங்கள். கை ஓய்ந்தாலும் காலாலோ தலையாலோ அழுத்தும்படி ஒரு பொத்தானை அமைத்துக்கொள்ளலாம்.

காது கேட்கும். கண் பார்க்கும், கண்ணைத் திருப்பும் தசைகள் பெரும்பாலும் கடைசி வரை தப்பும். சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் தசைகளும் பொதுவாகத் தப்புகின்றன. இதயம் தானாகத் துடிக்கும் தசை, மண்டோரின் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை.

மூளையும் கெட்டுவிட்டதா என்று கேட்டீர்கள். அந்த அழுகைக்கு வேறு காரணம் இருக்கிறது. சிரிப்பையும் அழுகையையும் அடக்கி வைக்கும் இழைகளும் மேலிருந்துதான் வருகின்றன. அவை பழுதானால், மனதில் அவ்வளவு துக்கம் இல்லாவிட்டாலும் அழுகை பீறிட்டு வரும். சில சமயம் சாவு வீட்டில் சிரிப்பு வரும். அவருக்கே அது வெட்கமாக இருக்கும். அழுகை வந்ததும் சுற்றி நின்று ஏன் அழுகிறீர்கள் என்று கேட்காமல், பேச்சை மெதுவாக மாற்றுங்கள். இதைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, அடுத்த முறை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அறிவைப் பொறுத்தவரை, பலருக்குக் கடைசி வரை தெளிவாகவே இருக்கும். சுமார் பாதிப் பேருக்கு யோசனையிலோ நடத்தையிலோ ஏதாவது மாற்றம் தெரியலாம், பெரும்பாலும் லேசாக. பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலானவர்களுக்கோ மறதி நோயைப் போன்ற பெரிய மாற்றம் வரும். அதிலும் மறதியைவிட முன்கோபம், அக்கறையின்மை, விசித்திரமான பிடிவாதம்தான் முன்னால் தெரியும். அப்படி ஏதாவது கண்டால் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏன் வந்தது? பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இது இருந்திருக்காது. காரணம் இதுதான் என்று எந்த மருத்துவராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. பூச்சிமருந்து, களைக்கொல்லியோடு அதிகம் புழங்கியவர்களிடம் இந்த நோய் சற்றுக் கூடுதலாக இருக்கலாம் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்கு மருந்து அடித்ததால்தான் வந்தது என்று சொல்ல அவை போதாது. தோட்டத்தில் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு, கையுறையும் முகமூடியும் இல்லாமல் நம் அம்மாமார் மருந்து அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2020 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது. அந்தத் தடை வர வேண்டியதுதான், தாமதமாக வந்தது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அப்பாவின் நோயை அதன் கணக்கில் எழுத என்னால் முடியாது. செய்வினை என்று அம்மா சொல்வதற்கு நான் அவரோடு சண்டை போட மாட்டேன். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டால் அம்மாவுக்கு நிம்மதி கிடைக்கும், கிடைக்கட்டும். யார் வைத்தது என்று லயத்தில் ஆள் தேடத் தொடங்கினால்தான் ஆபத்து. இனிமேல் அப்பாவைத் தூக்கவும் திருப்பவும் உங்களுக்குப் பக்கத்து வீட்டுக் கைகள் வேண்டும்.

உங்களுக்கும் தம்பிக்கும் வருமா என்றால், அப்பாவின் உடன்பிறப்புகளிலோ, அப்பாயி, தாத்தா பக்கத்திலோ யாருக்கும் இந்த நோயோ, நடுத்தர வயதில் வந்த மறதி நோயோ இல்லை என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுவார்கள். இது தொற்று நோய் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரலாம்.

இந்தியாவில் முப்பது வருடம் என்று மாமா கேள்விப்பட்டது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 1970இல் சென்னை மருத்துவர்கள், இளம் வயதில் தொடங்கி, காது கேட்காமல் போய், மிக மெதுவாக வளரும் ஒரு வகையை விவரித்தார்கள். அதற்கு மெட்ராஸ் வகை என்றே பெயர் விழுந்துவிட்டது. அது வேறு. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் நோய் என்று சொன்னார்கள், 2018 வரை வாழ்ந்தார். அதுவும் அபூர்வம். 57 வயதில் கையில் தொடங்கி ஒரு வருடத்துக்குள் நாக்குக்கும் வந்த நோய்க்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பெரும்பாலோருக்கு முதல் அறிகுறியிலிருந்து இரண்டு முதல் ஐந்து வருடம். நூறில் ஐந்து முதல் பத்துப் பேர் பத்து வருடத்தைத் தாண்டுவார்கள். இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் நீங்கள் இருக்கும் நேரத்தையும் பணத்தையும் தவறான இடத்தில் செலவழித்துவிடுவீர்கள்.

தவறான இடம் என்று நான் சொல்வது குணமாக்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களைத்தான். ஸ்டெம் செல் ஊசி, நரம்பைப் புதுப்பிக்கும் டானிக் என்று உங்கள் கைப்பேசிக்கும் வரும். இன்றைக்கு இந்த நோயைக் குணமாக்கும் மருந்து உலகில் எங்கேயும் இல்லை. ரிலுசோல் என்ற மாத்திரை 1995இல் வந்தது. நோயின் வேகத்தைச் சற்றுக் குறைத்துச் சில மாதங்களைக் கூட்டித் தரும். கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுப்பார்கள். அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். அதைவிடக் கூடுதல் நாளையும் நிம்மதியையும் பலருக்குத் தருவது மூச்சையும் சாப்பாட்டையும் கவனிப்பதுதான்.

மூச்சை இழுக்கும் உதரவிதானமும் தசைதான், அதற்கும் மண்டோர் உண்டு. அது தளரும்போது முதலில் இரவில்தான் தெரியும். மல்லாந்து படுக்க முடியாமல் தலையணையை உயர்த்திக்கொள்வார். தூக்கம் கெடும். காலையில் தலைவலியோடு எழுவார், பசியாறியதும் உட்கார்ந்தபடியே தூங்கி விழுவார். இதில் ஒன்றைப் பார்த்தாலும் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் சின்ன மூச்சு இயந்திரம் இருக்கிறது, இரவில் போட்டுக்கொண்டால் தூக்கமும் ஆயுளும் கூடும். ஆக்சிஜன் சிலிண்டரை நீங்களாக வாடகைக்கு எடுத்து வைக்காதீர்கள். அவருக்குக் குறைவது காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும் பலம். அந்தப் பலம் இல்லாதவருக்கு ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால், வெளியேற வேண்டிய கரியமில வாயு உள்ளேயே சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை என்றதும் ரசம் சோறு கொடுப்போம். விழுங்குவதில் தடுமாறுபவருக்கு அதுதான் மிகக் கஷ்டமான சாப்பாடு. தண்ணீர் ஒரு வேகத்தில் ஓடும், சோற்றுப் பருக்கை வேறு வேகத்தில் நகரும், நாக்கால் இரண்டையும் சமாளிக்க முடியாது. முறுக்கு, பிஸ்கட் மாதிரி உதிர்வதும் வேண்டாம். குழைய வேகவைத்த சோற்றைக் கெட்டித் தயிரில் மசித்துக் கொடுங்கள். தண்ணீராக இருக்கும் கோப்பிக்குப் புரையேறினால் கெட்டியாகக் கலந்த மைலோவுக்கு மாறுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்து, விழுங்கும்போது தாடையைச் சற்று நெஞ்சுப் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பேச்சுக் கொடுக்காதீர்கள், டிவியை நிறுத்திவிடுங்கள். நெய், முட்டை, தேங்காய்ப்பால் எதையும் குறைக்க வேண்டாம். வேறு நோய்க்காகப் பத்தியம் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நோயில் எடை குறைவது கெடுதல். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். எடை இறங்கத் தொடங்கினால் வயிற்றில் குழாய் பொருத்துவதைப் பற்றிப் பேசுவார்கள். மூச்சு நன்றாக இருக்கும்போதே அதைப் பொருத்துவது பாதுகாப்பு. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர்களுக்குப் பொருத்த முடியாமலே போனதை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை விஷயத்தில் ஒரு வார்த்தை. ராஜினாமா என்று எந்தக் காகிதத்திலும் அப்பா இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போங்கள். வேலையால் வந்த நோயாக இல்லாவிட்டாலும், சந்தா கட்டியவர் வேலை செய்ய முடியாமல் போனால் அதற்கென்று ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. 60 வயதுக்கு முன்னால் விண்ணப்பிப்பது முக்கியம், அப்பாவுக்கு இப்போது 57. சேமநிதியிலும் உடல் இயலாமைக்காகப் பணம் எடுக்க வழி உண்டு. சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதிந்துவிட்டு, படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கான உதவித்தொகையையும் அங்கேயே கேளுங்கள். லயத்து வீட்டைப் பற்றித் தொழிற்சங்கத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடங்களில், இதே நோயோடு ஒரு லோரி ஓட்டுநர் வந்தார். பேச்சு முழுவதும் போய்விட்டது, இடது கையில் மட்டும் கொஞ்சம் பலம் இருந்தது. வயிற்றுக் குழாய் வைக்கலாமா என்று நான் அவருடைய மகனிடம் பத்து நிமிடம் விளக்கினேன். கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று அவருடைய தலைக்கு மேலே பேசினோம். முடித்துவிட்டு நான் திரும்பியபோது அவர் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் இருந்த சிலேட்டைக் காட்டினார். வாங்கி, ரொம்ப நேரம் எடுத்துக் கோணல்மாணலாக எழுதினார்: என்னைக் கேளுங்க. அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

தங்கச்சி, அப்பாவுக்குக் காது கேட்கிறது. ஈப்போ போய் வந்த பிறகு வீட்டில் குரல் தாழ்ந்துவிட்டதை அவர் கவனித்திருப்பார். சொந்தக் கை தேய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் மட்டும்தான் தெரியாது. தெரியாததால் ஒருவேளை தன் மேலேயே ஏதோ குற்றம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். முகமூடி வேண்டுமா, குழாய் வேண்டுமா, முடியாத கட்டத்தில் தொண்டையில் துளை போட்டு இயந்திரத்தில் வைக்கலாமா, எங்கே இருக்க ஆசை, வீட்டிலா ஆஸ்பத்திரியிலா என்று வரிசையாக முடிவுகள் வரும். அவை எல்லாம் அவருடைய முடிவுகள். அவர் வாயால் சொல்ல முடிகிற காலம் இப்போது இருக்கிறது. நாக்கு இன்னும் தளர்ந்தால் ஒவ்வொரு வார்த்தையும் பெரும்பாடாகிவிடும்.

நீங்களே சொல்ல வேண்டும் என்று இல்லை. பெற்ற மகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்குவது உங்களுக்கும் கொடுமை, அவருக்கும் கொடுமை. அடுத்த முறை போகும்போது தமிழ் தெரிந்த மருத்துவரோ தாதியோ உடன் இருக்கும்படி முன்பே கேட்டு வையுங்கள். தனி அறையில், அம்மாவும் மாமாவும் பக்கத்தில் இருக்க, முதலில் அப்பாவிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? இப்போது வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதிக்க வேண்டும். ஆனால் கேட்காமலே நீங்கள் முடிவு செய்யக்கூடாது. வருடக் கணக்கை அவர் கேட்டால் மட்டும் சொல்லலாம். உடைந்து அழுவார், அழட்டும். அப்போது நீங்கள் எல்லோரும் கூடவே இருப்பீர்கள்.

அதற்கு முன்னால் இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். கைப்பேசியை அவர் பக்கத்தில் வைத்து அவருடைய குரலைப் பதிவு செய்யுங்கள். காலை நேரத்தில், களைப்பு வருவதற்கு முன்னால், ஐந்து ஐந்து நிமிடமாக. தண்ணி வேணும், முதுகு வலிக்குது, திருப்பிப் படுக்க வை, லைட்டை அணை என்று தினமும் தேவைப்படும் வார்த்தைகளை முதலில் சொல்லச் சொல்லுங்கள். பின்னால் பொத்தானை அழுத்தினால் அவர் குரலிலேயே கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் உங்களையும் தம்பியையும் அம்மாவையும் அவர் எப்படிக் கூப்பிடுவாரோ, அப்படியே ஒருமுறை கூப்பிடச் சொல்லுங்கள்.